சமயம் என்ற கட்டம்

என் மகளுக்கு அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை. அதில் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறியோ கிறிஸ்தவமோ, ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் சாமியறை இல்லை. எனக்கும் மனைவிக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. மகளும் தானாக யோசித்து அதே முடிவுக்கு வந்திருக்கிறாள். பாடசாலை அனுமதிப் படிவத்தில் 'சமயம்' என்ற கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டேன். "பேரைப் பாத்தாலே தெரியுதுதானே ஐயா" என்று சிரித்தபடி அதன்மேல் 'சைவம்' என்று எழுதிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நாத்திகனை யாரும் அடிப்பதில்லை. நல்லூர்த் தேருக்குப் போகாவிட்டாலும் கேட்க ஆளில்லை. வாய் திறந்தால்தான் வில்லங்கம். அப்பா செத்தபோது கொள்ளி வைத்தேன். சுண்ணம் இடிக்கவும் கீரிமலையில் அந்தியேட்டி செய்யவும் மாட்டேன் என்றேன். பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டா. "தம்பி, உன்ரை கொள்கையை உன்னோடை வைச்சிரு. நாளைக்கு உன்ரை தங்கச்சியின்ரை பெட்டையளுக்குக் கலியாணம் பேச வேணுமெல்லோ?" அவ பயந்தது சிவனுக்கு அல்ல, ஊருக்கு. இங்கே பலபேரை வாய்மூட வைத்திருப்பது அந்தப் பயம்தான்.

இதே ஊரில்தான் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் படிப்பித்தார். திருவல்லாவில் பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, 1928 இல் இலங்கைக்கு வந்து, மெதடிஸ்த மிசனின் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியரானவர். அங்கே அவரிடம் வேதாகமப் பாடத்தைக் கொடுத்தார்களாம். பிள்ளைகள் திறமாகச் சித்தியடைந்தார்கள். ஆனால் விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்று அடுத்த வருசமே அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபா தருவதாக அவர் 1963 இல் சவால் விட்டார். 1978 இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவரே பகிரங்கமாகப் பேச இறங்கியது 1959 இல் ஓய்வுபெற்ற பிறகுதான். உத்தியோகத்தில் இருக்கிற ஆசிரியருக்கு அது இன்றைக்கும் லேசில்லை.

அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது. பரீட்சை விண்ணப்பம் தரவில்லை.

மகள் நாயன்மார் கதைகளை விரும்பித்தான் படிக்கிறாள். திருவாசகத்தின் தமிழ் அவளுக்கு நல்ல விருப்பம். படிப்பதை நான் மறிக்கவில்லை. நம்பாத ஒன்றைத் தன் சமயம் என்று பதினாறு வயதுப் பிள்ளை எழுதிக்கொடுக்க வேண்டியிருப்பதைத்தான் எதிர்க்கிறேன். கல்வி அமைச்சு சமயத்தை விருப்பப் பாடமாக்கட்டும். அதற்கு நாளெடுக்குமென்றால், படிவத்தில் 'சமயமில்லை' என்று எழுதுவதையாவது இந்த வருசமே ஏற்றுக்கொள்ளட்டும்.