இடம் கேட்டவரும் இடம் பிடித்தவரும்

வங்கிக் கிளைகளில் கடன் மேசையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவன் நான். மறுத்தனுப்பிய விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை நினைவில் இல்லை. ஒன்று மட்டும் ஓய்வு பெற்ற பின்னும் மனத்தை விட்டு நீங்கவில்லை.

வடக்கே ஒரு மாநகரில் பணியாற்றியபோது, எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஓர் அம்மையார் ஒரு நாள் பிளாஸ்டிக் உறையுடன் வந்தார். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, லாரி ஓட்டுநராக இருந்து காலமான கணவரின் இறப்புச் சான்று, ஒரு வெல்டிங் பட்டறையின் விலைச்சீட்டு ஆகியவை அதில் இருந்தன. நான்கடிக்கு ஐந்தடி அளவில் ஒரு தகரப் பெட்டிக்கடை செய்து, அரசு மருத்துவமனை வாசலுக்கு அருகே வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தேநீர், பிஸ்கட், தண்ணீர்ப் பாட்டில், நோயாளிகளுக்குத் தேவைப்படும் சோப்பு, சீப்பு, பல்பொடி என்று விற்கவிருந்த பொருள்களைக்கூட எழுதி வைத்திருந்தார். ஒரு நாளில் எத்தனை தேநீர் விற்கும் என்று கேட்டேன். மூன்று காலை வேளைகள் அந்த வாசலில் நின்று, உள்ளே செல்வோரை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். திட்ட அறிக்கை என்று கணக்காயர்கள் எழுதித் தருவனவற்றுள் அத்தனை நேர்மையான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

"கடை வைக்க அனுமதி வாங்கிவிட்டீர்களா?" என்றேன். அங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. உள்ளாட்சி அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றிருக்கிறார். புதியவர்களுக்கு விண்ணப்பமே இல்லை, அடுத்த கணக்கெடுப்பில் பெயர் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். கணக்கெடுப்பில் பெயர் வர என்ன செய்ய வேண்டும் என்று இவர் கேட்க, கடை இருந்தால்தானே கணக்கெடுப்பார்கள் என்று பதில் வந்திருக்கிறது. நல்ல மனம் கொண்ட எழுத்தர் ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "முதலில் ஒரு வண்டியைப் போட்டு நின்றுவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அனுமதியில்லாமல் நிற்க அம்மையாருக்கு மனமில்லை. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றி நாங்கள் கடன் வழங்கலாம். ஆனால் தொழில் நடக்கும் இடத்தைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நான் மறுத்துவிட்டேன்.

அதே வாரத்தில், அதே மருத்துவமனைச் சாலையில் சில ஆண்டுகளாக வண்டி போட்டிருந்த ஒருவருக்குப் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வழங்கினேன். அவரிடமும் விற்பனைச் சான்றிதழ் இல்லை. எனினும் அங்கே வியாபாரம் செய்பவர் என்பதற்கு உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் இருந்தது. அவரைக் குறை கூற எனக்கு எதுவும் இல்லை. தவணையைத் தவறாமல் கட்டினார். இரண்டு முடிவுகளும் விதிப்படி சரியானவை. ஆனால் கேட்டுவிட்டுத் தொடங்க நினைத்தவர் வெறுங்கையுடன் திரும்பினார், தொடங்கிவிட்டுக் கேட்டவர் கடனுடன் திரும்பினார். விதிகள் இரண்டும் சேர்ந்து குடிமக்களுக்கு என்ன பாடம் கற்பிக்கின்றன என்று அன்று மாலை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்குச் சட்டத்தை மட்டும் பழிப்பது முறையாகாது. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு உண்டு. நடைபாதையில் வணிகம் செய்வதும் அரசமைப்புச் சட்டம் காக்கும் தொழில் உரிமையே, ஆனால் அது ஒழுங்குமுறைக்கு உட்பட்டது, குறிப்பிட்ட ஓர் இடத்தை எவரும் தமக்கே உரியது என்று கோர முடியாது என 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதன் பின்னும் கால் நூற்றாண்டு கழிந்தே சட்டம் பிறந்தது. அதுவரை தடிக்கும் மாமூலுக்கும் நடுவே வாழ்ந்தவர்களைக் காப்பதே அதன் முதல் நோக்கம். ஆகவேதான், ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அது விதித்தது. நகர விற்பனைக் குழு என்ற அமைப்பை ஏற்படுத்தி, அதன் உறுப்பினருள் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்.

புதிதாக வர விரும்புபவருக்கும் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு என்பதைப் பலர் அறியார். இரு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒருவர் வியாபாரம் செய்ய விரும்பினால், விற்பனை மண்டலத்தின் கொள்ளளவையும் நகரின் விற்பனைத் திட்டத்தையும் கருதி, உள்ளாட்சி அமைப்பு அவருக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று நான்காம் பிரிவிலுள்ள ஒரு வரம்புரை கூறுகிறது. "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வழங்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் அம்மையாரின் பெட்டிக்கடை சிக்கிக்கொண்டது. கொள்ளளவு எவ்வளவு என்று அறிய மண்டலம் வரையப்பட்டிருக்க வேண்டும். மண்டலம் வரையப்படக் குழு அமைந்திருக்க வேண்டும். குழு அமையத் தேர்தல் நடந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று நின்றாலும் வாசல் சாத்தியே கிடக்கும்.

எவ்வளவு காலம் சாத்திக் கிடக்கும் என்பதற்கு மும்பையே சான்று. அங்கு 2014-இல் வியாபாரிகள் கணக்கெடுக்கப்பட்டனர். நகர விற்பனைக் குழுவுக்கான வியாபாரிகளின் தேர்தல் 2024 ஆகஸ்டில்தான் நடைபெற்றது. கணக்கெடுப்பு நடந்த ஆண்டில் எட்டாம் வகுப்பில் படித்த சிறுவன், அந்தத் தேர்தலின்போது வேலை தேடும் இளைஞனாகியிருப்பான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் மும்பையில் பெட்டிக்கடைகள் முளைக்காமலா இருந்தன? முளைத்தன, விண்ணப்பம் இன்றி முளைத்தன. சயானிலும் தாராவியிலும் விடியுமுன் இட்லி அவித்து, மிதிவண்டியில் ஊதுகுழல் ஒலித்துச் செல்லும் நம் தமிழர்களை அந்நகரவாசிகள் அனைவரும் அறிவர். நகரம் அவர்களிடம் காலைச் சிற்றுண்டி வாங்கி உண்ணும். அவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது என்றுதான் அதற்குத் தெரியாது.

இதற்கு மாறான வாதமும் உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதன்று. பல்லாண்டுகளாக வெயிலில் நிற்பவர்களுக்கே இன்னும் சான்றிதழ் கிடைக்காதபோது புதியவர்களைச் சேர்ப்பது நியாயமா? வார்டு, மண்டலம் அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதத்துக்கு மேல் வியாபாரிகளுக்கு இடமளிக்கச் சட்டம் கேட்கவில்லை. நடப்பதற்கே இடமில்லாத நடைபாதைகளில் இன்னொரு பெட்டியா என்று முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் கேட்கும் கேள்வியையும் புறக்கணிக்க இயலாது. நானே இப்போது கைத்தடியுடன் நடப்பவன். ஆயினும், விண்ணப்பத்தை மூடிவிட்டால் புதியவர்கள் வராமல் இருப்பதில்லை என்பதே என் அனுபவம். வருகிறார்கள். முறைப்படி வரத் தயங்காதவர்கள் வெளியே நிற்க, முறையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் உள்ளே வருகிறார்கள். அந்த மூலைக்கு உரிமையாளர் போல நடந்துகொள்ளும் யாரோ ஒருவருக்கு முன்பணம் கொடுத்து வருகிறார்கள். சான்றிதழையோ இடத்தையோ வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் உறுதிமொழி வாங்குகிறது. நேர்வழி அடைபட்டிருக்கும் இடத்தில் அந்த உறுதிமொழியின் மதிப்பு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உறுதிமொழி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சான்றிதழ் பெறுபவர் தமக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். வசதி படைத்தோர் பத்துக் கடைகளைப் பிடித்துக்கொள்ளாதிருக்க இது தேவைதான். ஆனால் காத்திருப்பவர் எதை உண்டு காத்திருப்பார்? அம்மையார் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு வாழ்வாதாரம்தானே என்று ஒருவர் ஆட்சேபித்தால் அவர் என்ன செய்வார்? அவர் கணவர் லாரி ஓட்டாமல் சான்றிதழ் பெற்ற வியாபாரியாக இருந்து இறந்திருந்தால், அந்தச் சான்றிதழின் காலம் முடியும் வரை அவர் இடத்தில் வியாபாரம் செய்யச் சட்டமே மனைவியை அனுமதித்திருக்கும். லாரி ஓட்டுநரின் மனைவிக்கு அந்த வழியும் இல்லை.

வங்கியாளனின் கண்ணோடு பார்த்தால் இது இரக்கத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. 2020 ஜூனில் 10,000 ரூபாய்க் கடனோடு தொடங்கப்பட்ட ஸ்வநிதி திட்டம், பின்னர் 10,000, 20,000, 50,000 ரூபாய் என்று மூன்று படிகளாக விரிந்தது. 2025-இல் அதைத் திருத்தி, முதல் இரு படிகளை 15,000, 25,000 என உயர்த்தி, 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாய் திருப்பித் தரும் தண்டல் வட்டியோடு ஒப்பிட்டால் இது எத்தகைய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய்க்கு ஓராண்டுத் தவணை மாதம் 900 ரூபாய்க்கும் குறைவு. நாளொன்றுக்கு முப்பது ரூபாய். மூன்று நான்கு தேநீர் விலை.

அந்த முப்பது ரூபாய் என்றும் சுமையன்று. சுமையாவது, ஒரு காலையில் வண்டியும் அடுப்பும் எரிவாயு உருளையும் பறிமுதல் ஆகும் நாள். எங்கள் கிளையில் வாராக்கடனான சிறு வியாபாரக் கடன்களை நான் தனியே எடுத்துப் பார்த்ததுண்டு. வியாபாரம் படுத்ததால் நின்றவற்றைவிட, இடம் போனதால் நின்றவையே என் கண்ணில் அதிகம் பட்டன. இவ்வகைக் கடனுக்கு நாம் பிணை கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பிணை இருக்கிறது. அந்த ஆறடி இடம்தான் அது. அதன் பத்திரம் எழுதப்படாமல் இருக்கும்போது நாம் கடன் தொகையை உயர்த்துவதில் மட்டும் முனைப்புக் காட்டுகிறோம்.

ஆகவே, நகரங்கள் ஒன்று செய்யலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு விற்பனை மண்டலத்திலும் சில இடங்களைப் புதிய விண்ணப்பதாரர்களுக்கென ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு முறை பலர் அறியக் குலுக்கல் நடத்தலாம். கொள்ளளவை மிஞ்சியவர்கள் கணக்கெடுப்பில் இருந்தால் குலுக்கல் நடத்தச் சட்டமே சொல்கிறது. அதே முறையைப் புதியவர்களுக்கும் விரிப்பதற்கு, நான் மேலே சொன்ன வரம்புரை போதும். பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள், 990 பேர் ஏமாறுவார்கள் என்பார்கள். வரட்டும். ஏன் கிடைக்கவில்லை என்பது அந்த 990 பேருக்கும் தெரிந்திருக்கும். வங்கிகளும் தம் பங்குக்கு, குலுக்கலில் தேறியவருக்கு இடம் கைக்கு வருமுன்பே கொள்கையளவில் கடன் ஒப்புதல் கடிதம் வழங்கலாம்.

அம்மையாரைப் பணிமாற்றல் பெற்றுக் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்தேன். மருத்துவமனை வாசலில் இரண்டு பிளாஸ்க்குகளும் ஒரு கூடையுமாக நின்றிருந்தார். பெட்டிக்கடை எண்ணத்தைக் கைவிட்டுவிட்டாராம். பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நானே ஓடிவிடலாம் என்று சிரித்தார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

இதைப் படிக்கும் வாடிக்கையாளர்களுள் யாரேனும் பெட்டிக்கடை தொடங்க எண்ணியிருக்கலாம், அல்லது வீட்டுப் பணியாளருக்கோ உறவினருக்கோ வழிகாட்ட விரும்பலாம். அவர்களுக்கு ஒரு பழைய அலுவலரின் யோசனை இது. "விண்ணப்பம் இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். இடைக்காலச் சான்றிதழ் கோருகிறேன் என்று குறிப்பிட்டு, எந்தச் சாலை, எந்தப் பொருள், ஒரே இடத்தில் நிற்கும் கடையா, நகரும் வண்டியா என்பதைத் தெளிவாக எழுதி, நகர விற்பனைக் குழுவுக்கு முகவரியிட்டுக் கொடுங்கள். நேரில் வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். உணவுப் பண்டம் விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றியும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பொருள்கள் எப்போதேனும் பறிமுதலானால் பட்டியல் கேளுங்கள். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள், விதித்த கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மையாரிடம் அப்படி ஒரு ரசீதேனும் இருந்திருந்தால், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் எதையாவது எழுத நான் முயன்றிருப்பேன்.