மின்வெட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை

மின்வெட்டுக்கு ஆதரவாக யாராவது எழுதி நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். இன்று நான் எழுதப் போகிறேன். 34 வருடம் மின்துறையில் வேலை பார்த்து, அதில் கடைசி எட்டு வருடம் திருப்பூர்ப் பக்கம் ஒரு சப்-ஸ்டேஷனில் இருந்து, ஜனங்களிடம் வாங்காத வசவெல்லாம் வாங்கியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆனால் இதை எழுத வைத்தது திருப்பூர் வெயில் அல்ல. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், 2021 பிப்ரவரியில் நாங்கள் குடும்பத்தோடு அனுபவித்த குளிர்.

2020 தொடக்கத்தில் பேரனைப் பார்க்கப் போன நானும் மனைவியும் கொரோனாவால் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. மகன் வீடு ஆஸ்டின் நகரை ஒட்டி. டெக்சாஸ் என்றால் நம் ஊர் மாதிரி வெயிலுக்குப் பேர் போன இடம். அங்கே கட்டும் வீடுகளும் வெயிலை நினைத்துக் கட்டியவைதான். தண்ணீர்க் குழாய்கள் பரண் வழியாகக்கூடப் போகும். பெரும்பாலான வீடுகளில் குளிர்காலச் சூடும் மின்சாரத்தில்தான். மகன் வீட்டு ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவது. ஆனாலும் அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் காற்றாடிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லையென்றால் எரிவாயு இருந்தும் பயனில்லை.

பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை இரவு பனி கொட்ட ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஆறு அங்குலம் இருக்கும். ஏழு வயதுப் பேத்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே மைனஸ் 13, மைனஸ் 14 டிகிரி. அதற்கு முன்பே, திங்கட்கிழமை விடியற்காலை இரண்டரை மணிவாக்கில், கரண்ட் போயிருந்தது. திரும்பி வந்தது புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. மொத்தம் 66 மணி நேரத்துக்கு மேல்.

அந்த மூன்று நாளும் வீட்டை நடத்தியது என் மனைவிதான். முதல் நாள் சாயங்காலமே எல்லாரையும் வீட்டிலேயே சின்ன அறைக்குள் கூட்டிவிட்டாள். கதவு இடுக்கில் துண்டு, ஜன்னலுக்குப் பட்டுப்புடவை, அதன்மேல் போர்வை. அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்ததால் கஞ்சியும் சுக்குக் காப்பியும் உண்டு. ஆனால் சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், சமைக்கும்போது ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குளிர் காய அடுப்பை எரியவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் டெக்சாஸில் கராஜுக்குள் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், கார்பன் மோனாக்சைடு வாயுவால் செத்துப்போனவர்கள் உண்டு.

நாங்கள் ஆறு பேர். தரையில் மெத்தைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். நடுவில் படுப்பவருக்கு இரண்டு பக்கமும் கதகதப்பு. ஓரத்தில் படுப்பவர் முதுகு விறைத்துப் போகும். இரண்டு வயதுப் பேரனுக்கு மட்டும் நடு இடம் நிரந்தரம். மற்ற ஐந்து பேரும் முறைவைத்து மாறிக்கொள்ள வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். எவர்சில்வர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிக் காலடியில் வைப்பதற்கும் முறை. பேத்தி ஒரு தாளில் பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டினாள். "அத்தை, மாமாவுக்கு வயசாச்சு, அவர் நடுவிலேயே இருக்கட்டுமே" என்று மருமகள் சொன்னாள். "அவருக்கு ரெண்டு முறை சேர்த்துக் குடு, ஆனா முறை முறைதான்" என்றாள் மனைவி. வீட்டுக்குள் 7 டிகிரிக்கு இறங்கிய அந்த ராத்திரியில்கூட யாருக்கும் யார்மேலும் கோபம் வரவில்லை. விடிவதற்குள் நம் முறை வரும் என்று தெரிந்திருந்ததால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

தெருவில் அப்படி இல்லை. எங்கள் வரிசை வீடுகள் அத்தனையும் இருட்டு. எதிர் வரிசையில் பளிச்சென்று விளக்கு, வாசலில் அலங்கார விளக்குகூட. அவர்கள் வேறு ஃபீடர். அந்த ஃபீடரில் மருத்துவமனையோ தீயணைப்பு நிலையமோ இருந்திருக்க வேண்டும், அணைக்கவே இல்லை. 66 மணி நேரத்தில் எங்களுக்கு ஒரு நிமிடமும் கரண்ட் வரவில்லை, அவர்களுக்கு ஒரு நிமிடமும் போகவில்லை. ஊருக்குள் ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் ராத்திரி முழுக்க ஜொலித்த படங்களை மகன் போனில் காட்டினான். ஜனங்களுக்கு வயிறு எரிந்தது நியாயம்தான்.

நடந்தது என்ன என்று பிறகு அதிகாரபூர்வ அறிக்கைகளில் படித்தேன். தொழில்புத்தி விடுமா! அமெரிக்காவின் 48 மாநிலங்களுக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பெரிய மின்கட்டமைப்புகள். டெக்சாஸின் பெரும்பகுதி மட்டும் இரண்டிலும் சேராமல் தனி. வெளியிலிருந்து கொஞ்சம்தான் இழுக்க முடியும். குளிரில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின்நிலையக் கருவிகள் உறைந்தன, காற்றாலைகளும் சில உறைந்தன. தேவையோ உச்சத்தில். 15ஆம் தேதி விடியற்காலை, 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அலைவெண் 59.4க்குக் கீழே இறங்கிவிட்டது. ஒன்பது நிமிடம் அப்படியே இருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே வரிசையாகக் கழன்றுகொள்ளும். நாலு நிமிடம் 37 விநாடி மிச்சம் இருக்கும்போது மீட்டார்கள். மீட்கவில்லையென்றால் மாநிலம் முழுவதும் இருட்டு, திரும்பக் கொண்டுவரப் பல வாரம்கூட ஆகியிருக்கலாம்.

எப்படி மீட்டார்கள்? மின்வெட்டு போட்டுத்தான். உச்சத்தில் 20,000 மெகாவாட் வெட்டினார்கள். நம் தமிழ்நாட்டின் மொத்தத் தேவையே 2024 மே மாதத்தில் 20,830 மெகாவாட்டைத் தொட்டதுதான் அன்றைய சாதனை. ஒரு தமிழ்நாட்டையே அணைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. அந்த ராத்திரி கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் செய்தது சரியான வேலை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் வெட்டியதைச் சுற்றிவிட முடியவில்லை. அதுதான் கோளாறு. ஆஸ்பத்திரி, தண்ணீர் நிலையம் இருக்கும் ஃபீடர்களை ஒதுக்கிவிட்டால், மீதி இருந்த ஃபீடர்கள் அத்தனையையும் அணைத்தே கணக்குச் சரியாகவில்லை. மாற்றிப் போட வேறு ஃபீடர் இல்லை. அதனால் 'சுழற்சி மின்வெட்டு' என்று பெயர் வைத்த ஒன்று, பாதிப் பேர் தலையில் மூன்று நாள் இருட்டாக உட்கார்ந்துவிட்டது. இன்னொரு கூத்தும் நடந்தது. எரிவாயுவை எடுத்து அனுப்பும் சில நிலையங்களை முக்கிய இணைப்பு என்று யாரும் பதிவு செய்திருக்கவில்லை. அவற்றுக்கும் கரண்டை வெட்டினார்கள். எரிவாயு குறைந்தது. அது குறைந்ததால் மின்உற்பத்தி இன்னும் குறைந்தது.

டெக்சாஸ் மாநில சுகாதாரத் துறை சொன்ன கணக்குப்படி அந்தக் குளிரில் இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோர் உடல் விறைத்து இறந்தவர்கள். ஒன்றிரண்டு மணி நேரக் குளிரை ஒரு வீடு தாங்கும். மூன்று நாளைத் தாங்காது. அதே பற்றாக்குறையை எல்லா வீட்டுக்கும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று பிரித்திருந்தால் அவ்வளவு பேர் போயிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர் 2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் வெட்டு. அந்த ஓரவஞ்சனையை இன்றும் கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்கள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, போனை எடுத்தவன் நான் அல்லவா! ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். நேரம் சொல்லி, சொன்ன நேரத்தில் போய், சொன்ன நேரத்தில் வந்தால், பத்து மணி நேர வெட்டைக்கூட ஜனங்கள் சமாளித்தார்கள். பெண்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து மாவு ஆட்டினார்கள். தறிக்காரர்கள் ஷிப்டை மாற்றினார்கள். எங்களுக்குப் போன் வந்தது, முற்றுகை வந்தது எல்லாம் "பக்கத்து ஊருக்கு மட்டும் கரண்ட் இருக்கே, அது எப்படிங்க?" என்ற கேள்வியோடுதான். இருட்டைவிடப் பாரபட்சம்தான் மனிதனை வாட்டுகிறது.

"அப்பா, அக்கம்பக்கத்து மனுஷங்க நல்லவங்களா இருந்தாப் போதும்" என்றான் மகன். உண்மைதான். எதிர் வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி, பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், முதல் நாளே பனியில் தட்டுத்தடுமாறி வந்து குழந்தைகளைத் தன் வீட்டில் படுக்க வைக்கச் சொன்னார். தடுப்பூசி அப்போதுதான் வயதானவர்களுக்குப் போட ஆரம்பித்திருந்த சமயம். கொரோனா நம்மிடமிருந்து அவருக்குப் போகுமோ, அவரிடமிருந்து நமக்கு வருமோ என்று முதல் ராத்திரி தயங்கிய மருமகள், அடுத்த ராத்திரி முகக்கவசம் மாட்டிப் பிள்ளைகளை அழைத்துப் போனாள். போன் எல்லாம் அவர் வீட்டில்தான் சார்ஜ் ஆனது. தண்ணீர் நின்றபோது பனியைப் பக்கெட்டில் அள்ளி உருக்கிக் கழிவறைக்கு ஊற்றினோம். குடிக்க அவர் கொடுத்த தண்ணீர்தான். ஆஸ்டின் மாநகரில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி 17ஆம் தேதி போட்ட உத்தரவை 23ஆம் தேதிதான் எடுத்தார்கள்.

அந்த அம்மாளை நாங்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். ஆனால் எதிர் வீட்டில் நல்ல மனசு இருப்பது அதிர்ஷ்டம். எதிர் வீட்டிலும் கரண்ட் இல்லாத தெருக்களில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? மனிதாபிமானத்தை நம்பி மின்கட்டமைப்பு நடத்தக் கூடாது. கஷ்டத்தைப் பிரிக்கும் முறையை நல்ல காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனி ஃபீடர் போட்டுவிட்டால் அதன் பெயரைச் சொல்லிச் சுற்றுவட்டாரமே தப்பிக்காது. ஃபீடரைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து அணைக்க இப்போது கருவிகள் இருக்கின்றன. வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர்கள் யார், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் வேண்டும். டெக்சாஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2021லேயே மின்நிலையங்கள் குளிர்காப்பு செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். 2022 டிசம்பர் கடுங்குளிரில் சுழற்சி வெட்டு போடும் நிலை அங்கே வரவில்லை.

நமக்கு அந்தக் குளிர் வராது. ஆனால் மே மாத வெயில் இருக்கிறது, புயல் இருக்கிறது. வெயிலில் மூன்று நாள் காற்றாடி இல்லாமல் கிடக்கும் எண்பது வயதுக்காரரின் நிலைமை, குளிரில் கிடப்பவர் நிலைமைக்குக் குறைந்தது அல்ல.

இப்போது நாங்கள் இருக்கும் கோயம்புத்தூர்க் குடியிருப்பில் இரண்டு பிளாக், ஒரே ஜெனரேட்டர். இரண்டையும் சேர்த்து அது தாங்காது. இத்தனை நாள் பக்கத்தில் இருக்கிற ஏ பிளாக்குக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்களும் ஏ பிளாக்தான். போன மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று சொன்னேன். எங்கள் பிளாக்கில் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம பக்கம் நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு சார்" என்றார் ஒருவர். நான் விடவில்லை. பி பிளாக் மூன்றாம் மாடியில் மூச்சுத்திணறலோடு இருக்கும் பெரியவருக்கு மட்டும் தனி வயர் இழுத்தாகிவிட்டது. மற்ற எல்லாருக்கும் முறைதான். நேரப் பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.