வைத்திருப்பவரைக் கேளுங்கள்

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். 'ரசம் கொஞ்சம் போடுங்க' என்று நான் கேட்டதுதான் தாமதம், பின்னால் நின்ற ஓர் ஆன்ட்டி என் தோளைத் தட்டினார்.

"ரேடியோவுல பேசுற பொண்ணுதானே நீ?"

வானொலிக்காரர்களுக்கு இது பழக்கம்தான். முகத்தை வைத்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. ரசம் கேட்டால் பிடித்துவிடுவார்கள்.

"நீ அவ்ளோ நல்லா சொன்னியேன்னுதாம்மா அந்தக் காடிய வாங்குனோம். நீயும் அதத்தானே ஓட்டுற?"

எனக்கு ரசம் தொண்டைக்குள் இறங்கவில்லை. அந்தக் காரின் விளம்பரத்தை முப்பது விநாடிக்குள் ஏற்ற இறக்கத்தோடு படித்தது நான்தான். 'நம்ம குடும்பத்துக்குன்னே செஞ்ச காடி' என்று ஒரு வரி வரும். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், அப்போதுதான் சிரிப்பு குரலில் கேட்கும். ஆனால் அந்தக் காருக்குள் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

"இல்ல ஆன்ட்டி, நான் பழைய மைவிதான்" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். "ஓ... அப்ப அது சும்மா விளம்பரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பளம் எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கல்லூரியில் ஊடகவியல் படித்த காலத்து வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. விளம்பர வரலாறு பாடம். உலகத்தின் புகழ்பெற்ற விளம்பர வாசகங்களில் ஒன்றை விரிவுரையாளர் திரையில் காட்டினார். நம் மொழியில் சொன்னால், 'வைத்திருப்பவரைக் கேளுங்கள்.' பேக்கார்டு என்ற அமெரிக்கக் காருக்காக எழுதியது. 'எங்கள் கார் அப்படி, இப்படி' என்று ஒரு வார்த்தையும் கிடையாது. ஏற்கனவே வாங்கியவரிடம் போய்க் கேட்டுக்கொள் என்பதோடு சரி. ஆங்கிலத்தில் அது 'வைத்திருக்கும் ஆணைக் கேளுங்கள்' என்றுதான் இருக்கும். பெண்ணைக் கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயந்தார்களோ என்னவோ.

பேக்கார்டு பெயரில் இன்று புதுக் கார் கிடையாது. ஆனால் அந்தக் காரின் கதையைத் தேடிப் படித்தால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை வைத்திருந்தவர்களின் வாயில்தான் அது நடக்கிறது.

ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு ஓஹாயோ மாநிலத்தில் வாரன் என்ற ஊர்க்காரர். லீஹை பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து மின்விளக்கும் மின்சாதனங்களும் செய்து விற்றார். 1898இல் கிளீவ்லாந்து நகரத்துக்குப் போய் வின்டன் என்ற கம்பெனியின் காரை ஆசை ஆசையாக வாங்கினார். ஊர் வந்து சேர்வதற்குள் கார் நின்றுவிட்டது. குதிரை கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பிறகும் ஏதாவது ஒரு கோளாறு. இவரோ படித்த பொறியாளர். தொழிற்சாலைக்கே போய், இதை இப்படி மாற்றலாமே, அதை அப்படித் திருத்தலாமே என்று யோசனை சொன்னார். முதலாளி அலெக்சாண்டர் வின்டனுக்குப் பொறுக்கவில்லை. 'அவ்வளவு தெரிந்தவர் என்றால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்பார்கள்.

பேக்கார்டு அப்படியே செய்தார். வின்டனிடம் இருந்த ஆட்கள் இரண்டு பேரையும் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். 1899 நவம்பர் 6 அன்று முதல் பேக்கார்டு வாரன் தெருவில் ஓடியது. அந்தக் காரை லீஹை பல்கலைக்கழகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் குறை சொன்னபோது காது கொடுத்துக் கேட்டிருந்தால் வின்டனுக்கு ஒரு போட்டியாளர் குறைந்திருப்பார். 1924இல் வின்டன் கார் செய்வதையே விட்டுவிட்டது.

அந்த வாசகம் பிறந்ததும் ஒரு கடிதத்தால்தான் என்கிறார்கள். ஒருவர் காரைப் பற்றி விவரம் கேட்டு எழுதினாராம். அனுப்பிவைக்க அச்சடித்த ஏடு எதுவும் கைவசம் இல்லை. 'வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுக்கொள்ளச் சொல்' என்று பேக்கார்டு தம் செயலாளரிடம் சொல்ல, அதுவே 1901 முதல் விளம்பரமாகிவிட்டது. நான் படிக்கும் விளம்பரங்களுக்கு எத்தனை கூட்டம் நடக்கும், எத்தனை முறை திருத்துவார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கேட்டால் பதில் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ஹென்றி ஜாய் என்ற டெட்ராய்ட் செல்வந்தர் ஒரு பேக்கார்டை வாங்கி ஓட்டிப் பார்த்தார். பிடித்துப்போய், நண்பர்களைப் பணம் போடவைத்து, கம்பெனியையே 1903இல் டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கார் பிடித்தால் நாம் இன்னொன்று வாங்குவோம், அவர் தொழிற்சாலையை வாங்கினார். அதே ஆண்டில் டாம் ஃபெட்ச் என்பவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஒரு பேக்கார்டை இரண்டு மாதத்தில் ஓட்டிக்காட்டினார். பாதி வழியில் சாலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

விலை கொஞ்சநஞ்சம் இல்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி ஆயிரம் டாலருக்கும் குறைவு. அந்த நாளில் பெரிய பேக்கார்டு நாலாயிரத்தைத் தாண்டும். 1915இல் 12 சிலிண்டர் கொண்ட 'ட்வின் சிக்ஸ்' வந்தது. 1921இல் அதிபர் வாரன் ஹார்டிங் பதவியேற்கப் போனது அந்தக் காரில்தான். அதுவரை எந்த அமெரிக்க அதிபரும் பதவியேற்கக் காரில் போனதில்லை. தமக்கு 12 சிலிண்டர் எஞ்சின் மீது காதல் வந்ததற்கு இந்தப் பேக்கார்டுகளும் ஒரு காரணம் என்று இத்தாலியின் என்சோ ஃபெராரி பின்னாளில் சொன்னார். 1920களின் பிற்பாதியில் கெடிலாக்கைவிடப் பேக்கார்டு அதிகம் விற்றது.

அந்தக் காலத்து உரிமையாளர்கள் மெச்சிய விஷயங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. முன்பக்க ரேடியேட்டரின் வடிவத்தைப் பேக்கார்டு சட்டென்று மாற்றாது. மாட்டு நுகத்தடி மாதிரி மேலே ஒரு வளைவு. சக்கரத்தின் நடுவில் சிவப்பு அறுகோணம். ஐந்து வருடத்துக்கு முன்பு வாங்கியவரின் கார் பக்கத்தில் புதுக் கார் வந்து நின்றாலும் பழையவர் கூச வேண்டியதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை விளக்கை மாற்றி, பம்பரை மாற்றி, நம் காரைக் கிழடாக்கிவிடும் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள்.

பிறகு பெரும் பொருளாதார மந்தம் வந்தது. பணக்காரர்களே கார் வாங்க யோசித்தார்கள். 1935இல் பேக்கார்டு 'ஒன் ட்வென்டி' என்ற சின்ன மாடலைக் கொண்டுவந்தது. மிகக் குறைந்த விலை ஆயிரம் டாலருக்குள். நல்ல கார்தான், வாங்கியவர்கள் யாரும் ஏமாறவில்லை. 1937இல் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கம்பெனி பிழைத்தது.

பிழைத்த விதத்தில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். கெடிலாக் விலை குறைந்த காரை விற்றபோது அதற்கு லசால் என்று வேறு பெயர் வைத்தது. பேக்கார்டு இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது. பெரிய பங்களாவில் நிற்பதும் பேக்கார்டு, அந்த வீட்டுக்குக் கணக்கு எழுதுபவர் ஓட்டுவதும் பேக்கார்டு. கணக்கு எழுதுபவருக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்திருக்கும். தோட்டத்தில் வளர்ந்த என் அப்பாவாக இருந்தால் அந்தக் காரைத் தினமும் இரண்டு முறை கழுவியிருப்பார். ஆனால் பங்களாக்காரர் அடுத்த முறை கெடிலாக் கடைக்குப் போனார். அவர் செய்ததை என்னால் மெச்ச முடியவில்லை. மனிதர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

இன்னொரு செய்தி, நம் ஊர் வெயிலில் காரை ஓட்டும் அனைவருக்கும். தொழிற்சாலையிலேயே ஏர்கான் பொருத்திய காரை முதலில் விற்றது பேக்கார்டுதான், 1940ஆம் ஆண்டு மாடலில். அதற்குத் தனியாக 274 டாலர். பின்பெட்டியில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். குளிர் அதிகமானால் அணைக்க விசை கிடையாது. காரை ஓரம் கட்டி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வைத்திருப்பவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். இரண்டொரு வருடத்தில் அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பேக்கார்டு ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்தது. 55,000க்கும் மேல். பேர்பெற்ற மஸ்டாங் போர் விமானங்களில் பறந்தவை அவை. இவ்வளவு நுணுக்கமாக வேலை தெரிந்த கம்பெனி, போர் முடிந்து 1948இல் விட்ட காருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் 'கர்ப்பிணி யானை'. அவ்வளவு உருண்டை. உள்ளே உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். வெளியே நின்று பார்ப்பவர்கள்தான் சிரித்தார்கள்.

1955ஆம் ஆண்டைப் படிக்கும்போதுதான் மனசு கனத்தது. அந்த வருடத்துப் பேக்கார்டு உண்மையிலேயே புதுமையான கார். பின்சீட்டில் நாலு பேர் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், சில விநாடியில் ஒரு மின்மோட்டார் சுழன்று காரை மறுபடி சமமாக்கிவிடும். மேடு பள்ளத்தில் மிதந்து போனது என்று ஓட்டியவர்கள் வியந்தார்கள். ஆனால் அதுவரை பேக்கார்டுக்குக் கார் உடலைச் செய்து கொடுத்த பிரிக்ஸ் கம்பெனியைப் போட்டியாளரான கிரைஸ்லர் 1953இல் வாங்கிவிட்டது. வேறு வழியின்றிப் பேக்கார்டு அவசர அவசரமாக ஒரு சின்னத் தொழிற்சாலைக்குள் எல்லா வேலையையும் திணித்தது. சரியாக முடிக்காத கார்களே கடைக்கு வந்தன. புது எஞ்சினின் எண்ணெய்ப் பம்பில் குறை, உள்ளே டிக் டிக் என்று சத்தம். அடுத்த வருடம் கியர் மாற்றப் பொத்தான் வைத்தார்கள், அதுவும் மக்கர் செய்தது.

வைத்திருப்பவரைக் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். 1956இல் விற்பனை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

அந்த வருடம்தான் விலை குறைந்த மாடலுக்குக் 'கிளிப்பர்' என்று தனிப்பெயர் கொடுத்து, பேக்கார்டு என்ற எழுத்தை எடுத்தார்கள். இருபது வருடம் தாமதம். அந்தப் பெயருக்காகத்தானே ஆட்கள் வருகிறார்கள் என்று விற்பனையாளர்கள் சத்தம் போட, பின்பக்கத்தில் சின்னதாக மறுபடி ஒட்டினார்கள்.

1956 நடுவில் டெட்ராய்ட் ஆலையில் வேலை நின்றது. 1954இலேயே பேக்கார்டு ஸ்டூடிபேக்கர் என்ற கம்பெனியோடு இணைந்திருந்தது. 1957இல் வந்த 'பேக்கார்டு' உண்மையில் ஸ்டூடிபேக்கர் கார்தான், மேலே பேக்கார்டு அலங்காரம். மக்கள் அதற்குப் 'பேக்கார்டுபேக்கர்' என்று பெயர் வைத்தார்கள். 1958இல் சுமார் 2,600 கார்களோடு எல்லாம் முடிந்தது. டெட்ராய்ட்டின் பழைய ஆலை பல காலம் பாழடைந்து கிடந்து, 2022இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் கார்கள் இருக்கின்றன. வாரன் ஊரில் ஓர் அருங்காட்சியகம், டேட்டன் நகரில் பழைய பேக்கார்டு விற்பனைக் கடைக்குள்ளேயே இன்னொன்று. இன்னும் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்டால் பேச்சை நிறுத்துவது சிரமமாம்.

என் அப்பா செகண்ட் ஹேண்ட் காடி வாங்கப் போனால் விற்பவரிடம் அதிகம் பேசமாட்டார். பெட்ரோல் நிலையத்தில் அதே மாடலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒரு ஆளை மடக்கி, 'எப்படிங்க ஓடுது?' என்று ஆரம்பித்துவிடுவார். நான் காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

கல்யாண வீட்டுக்காரரிடம் எண் வாங்கி, போன வாரம் அந்த ஆன்ட்டியை அழைத்தேன். ரேடியோக் குரல் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஆன்ட்டி, அந்தக் காடி எப்படி ஓடுது?"

"ஏன்மா, மறுபடி விளம்பரமா?"

"இல்ல ஆன்ட்டி. நான் தெரிஞ்சுக்கணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏர்கான் நல்லா குளிருது. எண்ணெயும் அவ்ளோ குடிக்கல. ஆனா கேமரன்மலை ஏறுனப்ப ரொம்ப முனகுச்சும்மா. அப்புறம் பின்னாடி சீட்டுல எங்க மாமியாருக்குக் கால நீட்ட முடியல. நீ 'நம்ம குடும்பத்துக்குன்னே செஞ்ச காடி'ன்னியே, நாங்க ஆறு பேரும்மா."

எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் அதே விளம்பரம் புதுப்பிக்க வருகிறது.