தொண்ணூறுகளை மாற்றிய கார் எது?

இந்தியக் கார் வரலாறு பேசப்படும் இடங்களில் ஒரு வழக்கு இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறுகள் என்னும் பத்தாண்டின் போக்கைத் தீர்மானித்த கார் எது என்பதே அவ்வழக்கு. ஒரு தரப்பு டாடா இண்டிகாவை முன்வைக்கும். இன்னொரு தரப்பு ஹூண்டாய் சாண்ட்ரோவை விட்டுக்கொடுக்காது. சற்று மூத்தவர்கள் தேவூ சியலோவைப் பெருமூச்சோடு நினைவுகூர்வார்கள். மாருதி 800க்கு இப்போட்டியில் இடமில்லை என்பது எழுதப்படாத விதி. அது எண்பதுகளின் கார் என்று முதலிலேயே ஓரங்கட்டப்பட்டுவிடும்.

வழக்கு முடியாததற்குக் காரணம் சாட்சிகளின் குறைவன்று. அளவுகோலைப் பற்றிய குழப்பமே. விற்ற எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், ஓரங்கட்டப்பட்ட மாருதி 800தான் அந்தப் பத்தாண்டிலும் முதலிடம். தொழில்நுட்பத்தை வைத்துப் பார்த்தால், 1995இல் புனேயில் பூட்டத் தொடங்கிய மெர்சிடிஸ் பென்ஸை யாரும் நெருங்க முடியாது. ஆனால் அதனால் சாலையில் எதுவும் மாறவில்லை. இளமை நினைவுகளை வைத்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை. இவற்றைவிடப் பொருத்தமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு கார் வந்ததனால் மற்றவர்கள் எதை மாற்றிக்கொள்ள நேர்ந்தது? மற்றவர்கள் என்போர் போட்டி நிறுவனங்கள் மட்டுமல்லர். அரசு, நீதிமன்றம், பெட்ரோல் பங்க் நடத்துபவர் ஆகியோரும், வாழ்நாளில் கார் வாங்காமலே அதன் புகையைச் சுவாசிப்பவரும் அக்கணக்கில் சேர வேண்டும்.

இந்தக் கடைசிப் பிரிவினரைச் சேர்த்துக்கொண்டால் விவாதம் தானாகவே டெல்லிக்கு வந்துவிடுகிறது.

1993இல் பயணிகள் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் பியூஜோ 309, ஓப்பல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட் எனப் பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவில் வயதாகிப்போன கார்கள். இந்திய வாங்குபவர் எதைக் கொடுத்தாலும் வாங்குவார் என்னும் கணிப்பில் கொண்டுவரப்பட்டவை. அக்கணிப்பு பொய்த்தது. இவற்றுள் சியலோவுக்கு மட்டும் தனி இடம் உண்டு. டெல்லியை ஒட்டிய சூரஜ்பூரில், முன்பு டொயோட்டாவின் கூட்டில் சிறு லாரிகள் தயாரித்த டி.சி.எம். ஆலையிலிருந்து 1995இல் வெளிவந்தது அது. அக்காலத்தில் மாருதி எஸ்டீமை உச்சமாகக் கருதிய தலைநகரின் நடுத்தர வர்க்கத்துக்கு, அதற்கு மேலும் ஒரு படி உண்டு என்று காட்டியது. ஆனால் 1999இல் கொரியாவில் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியபோது, இங்கு கார் வாங்கியவர்கள் உதிரிபாகம் தேடி அலைய நேர்ந்தது. அதைத் தாக்கம் என்பதைவிடப் பாடம் என்பதே பொருந்தும்.

உண்மையான திருப்பம் 1998இன் கடைசி நான்கு மாதங்களில் நிகழ்ந்தது. செப்டம்பரில் சாண்ட்ரோ, அதையடுத்து சூரஜ்பூரிலிருந்து மாட்டிஸ், டிசம்பர் இறுதியில் இண்டிகா. பதினைந்து ஆண்டுகளாகப் போட்டியின்றி இருந்த சிறிய கார் சந்தையில் ஒரே பருவத்தில் மூன்று போட்டியாளர்கள்.

சாண்ட்ரோவுக்காக வாதிடுபவர்களின் கட்சி வலுவானது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஃபோர்டு மகிந்திராவோடும், ஜெனரல் மோட்டார்ஸும் மிட்சுபிஷியும் இந்துஸ்தான் மோட்டார்ஸோடும் கைகோத்து வந்த காலத்தில், ஹூண்டாய் உள்ளூர்ப் பங்காளி எவருமின்றித் தனியாக வந்தது. 1996இல் நிறுவனத்தைப் பதிவுசெய்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, இரண்டே ஆண்டுகளில் காரை வெளியே அனுப்பியது. அதன் பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. சென்னையின் மேற்குப் புறத்தில் ஏரிகளும் வயல்களுமாக இருந்த நிலப்பரப்பு இன்று காணும் வடிவத்தை எடுத்ததில் அந்தக் காருக்குப் பெரும் பங்குண்டு. அங்கு நிலத்தை இழந்தவர்களின் கதை இக்கார் விவாதங்களில் ஒருநாளும் வருவதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

சாண்ட்ரோவில் கார்புரேட்டர் இல்லை. எம்.பி.எஃப்.ஐ. எனப்பட்ட எரிபொருள் பீய்ச்சும் முறை இருந்தது. அதே நேரத்தில் மாருதி 800 கார்புரேட்டரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. 1998 முடியும் முன்பே மாருதி விலையைக் குறைத்தது. 1999 இறுதியில் உயரக் கூரையோடு வேகன் ஆர் வந்தது, 2000இல் ஆல்டோவும் வந்தது, 800க்கும் எம்.பி.எஃப்.ஐ. கிடைத்தது. 2000-01 நிதியாண்டில், தன் வரலாற்றில் முதன்முறையாக, மாருதி நட்டக் கணக்குக் காட்டியது. குர்கான் ஆலையில் தொழிலாளர் போராட்டம் நீண்டதும் அதே ஆண்டில்தான். போட்டியாளரை மாற்றியது எது என்பதே கேள்வி என்றால் விடை சாண்ட்ரோ. அதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் மாருதியை மாற்றியதும் டெல்லியை மாற்றியதும் ஒன்றல்ல.

1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சி அது. டெல்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் டீசலைக் கைவிட்டு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1996இல், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகரின் வாகனப் புகையைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தது. மும்பை, கல்கத்தா, சென்னை மூன்றின் வாகனங்களைச் சேர்த்தாலும் டெல்லிக்கு ஈடாகாது என்று அக்காலத்தில் சொல்வது வழக்கம். நீதிமன்றத்தின் முதல் பார்வை பேருந்துகள், ஆட்டோக்கள், டாக்ஸிகள் ஆகியவற்றின் மீது விழுந்தது. கெடு தவறியது, நீட்டிக்கப்பட்டது, 2001 ஏப்ரலில் நிறுத்தங்களில் பேருந்துக்காகக் கூட்டம் அலைமோதியது, எரிவாயு நிலையங்களில் ஆட்டோக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றன. அம்மாற்றத்தின் வலி முழுவதையும் சுமந்தவர்கள் பேருந்தில் செல்பவர்களும் ஆட்டோ ஓட்டியவர்களுமே. ஆயினும் 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகளிலிருந்து டீசல் விடைபெற்றது.

அந்த ஆணைக்கு ஐந்து மாதங்களுக்குப் பின் வந்தது இண்டிகா. டெல்லி பிரகதி மைதானத்தில், அதே 1998 ஜனவரியில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில், அது முதலில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய் முதலீடு. ஆஸ்திரேலியாவில் நிஸான் மூடிய ஆலையைப் பெயர்த்துக் கப்பலில் கொண்டுவந்து புனேயில் நிறுத்திய துணிச்சல். இத்தாலியின் டூரினில் தீட்டிய உருவம். லாரி செய்து பழகிய பொறியாளர்களின் கை. வெளியான சில நாள்களிலேயே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிவுசெய்தனர். தொடக்க காலக் கார்களில் குறைகள் மிகுந்திருந்தன. 2000-01இல் நிறுவனம் சுமார் 500 கோடி ரூபாய் நட்டம் கண்டது. திருத்திய வடிவமான வி2 வந்த பிறகே பெயர் மீண்டது. இவையனைத்தும் பலமுறை சொல்லப்பட்ட வீரகதை, பெருமைக்குரியதும்கூட.

அந்த வீரகதையில் அடிக்குறிப்பாகக்கூட வராத செய்தி, இண்டிகாவின் டீசல் எஞ்சின். அதற்கு முன்பும் டீசல் கார்கள் உண்டு: அம்பாசடர் இருந்தது, சுமோ இருந்தது, பியூஜோ எஞ்சினோடு ஜென்னும் அதே ஆண்டில் டீசலில் வந்தது. எனினும் டீசல் என்பது அதுவரை லாரிக்கும் பேருந்துக்கும் பம்புசெட்டுக்கும் உரிய எரிபொருளாகவே மக்கள் மனத்தில் இருந்தது. உழவரையும் சரக்குப் போக்குவரத்தையும் மனத்தில் வைத்தே அரசு அதன் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. குடும்பத்தோடு உட்காரத்தக்க சிறிய காரில், மூன்று இலட்ச ரூபாயை ஒட்டிய விலையில், அந்த மானிய எரிபொருளைக் கொண்டுவந்து சேர்த்தது இண்டிகா. கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட எவரும் அதைத் தவிர்க்க முடியவில்லை. டாக்ஸிக்காரர்கள் தவிர்க்கவேயில்லை. சென்னையின் கால் டாக்ஸியில் ஏறியவர்களுக்கும், டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கோ ஜெய்ப்பூருக்கோ வாடகைக் காரில் சென்றவர்களுக்கும் அந்தப் பின்னிருக்கையும் எஞ்சினின் அந்த ஒலியும் நன்கு பழக்கம்.

ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், பேருந்தை டீசலிலிருந்து விலக்க ஆணையும், வீட்டுக் காரை டீசலுக்கு அழைக்க விளம்பரமும் வந்தன. எழுபது பேரைச் சுமப்பது கைவிட்ட எரிபொருளை நான்கு பேரைச் சுமப்பது எடுத்துக்கொண்டது.

இது அப்போதே கவனிக்கப்படாமல் போகவில்லை. தனியார் டீசல் கார்களைத் தடைசெய்ய வேண்டும் என்று 1999இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளிப்படையாகக் கோரியது. அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், தேசியத் தலைநகரப் பகுதியில் பதிவாகும் தனியார் வாகனங்கள் ஜூன் 1 முதல் யூரோ ஒன்று விதிக்கும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ இரண்டு விதிக்கும் உட்பட வேண்டும் என்று ஆணையிட்டது. எண்ணெய் நிறுவனங்கள் பத்து இலட்சத்தில் 500 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலை டெல்லிக்குக் கொண்டுவர நேர்ந்தது. நாட்டின் பிற பகுதிகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. இன்று இந்தியா முழுவதும் புழங்கும் பாரத் ஸ்டேஜ் விதிகளின் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் டெல்லி முதலில் கால்வைத்ததன் தொடக்கம் அது.

இண்டிகாவின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பை வைப்பார்கள். டீசலின் விலையை நிர்ணயித்தது காரா, அரசா? மலிவாகக் கிடைப்பதற்கேற்பப் பொருள் செய்வது எந்த வணிகத்தின் இயல்பும் அல்லவா? டெல்லியின் காற்றைக் கெடுப்பதில் லாரிகள், கட்டடத் தூசி, பயிர்த்தாள் எரிப்பு, அனல்மின் நிலையங்கள் எனப் பலவும் இருக்க, ஒரு காரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? மூன்றும் சரியான கேள்விகள். ஆனால் இங்கு ஆராயப்படுவது தாக்கம், குற்றமன்று. விலைக் கொள்கையில் இருந்த விரிசலைச் சிறிய கார் வாங்கும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்த பொருள் எதுவோ, அதன் தாக்கமே பெரிது. அந்த விரிசல் அடைபடப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 2010இல் பெட்ரோல் விலை கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது, டீசல் விடுவிக்கப்படவில்லை. 2012 மே மாத இறுதியில் டெல்லியில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கும் மேல் வேறுபாடு இருந்தது. விற்பனையாகும் கார்களில் ஏறத்தாழப் பாதி டீசலுக்குச் சென்ற காலம் அதுதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியதும் அதே 2012 ஜூனில்தான். டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது 2014 அக்டோபரில்.

அதற்குள் கணக்குத் தீர்க்கும் வேலை மறுபடியும் நீதிமன்றத்தின் தலையில் விழுந்திருந்தது. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2015 டிசம்பரில் 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவுக்கு இடைக்காலத் தடை வந்தது. பின்னர் ஒரு சதவீத வரியோடு அது விலக்கப்பட்டது. டாக்ஸிகள் அனைத்தும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்ற கெடு 2016 ஏப்ரல் 30இல் முடிந்தபோது, ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். கடன் வாங்கி டீசல் வண்டி எடுத்தவருக்கு, அதை மலிவாக ஓட்டலாம் என்று பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்கள் யாரும் அன்று சாலையில் துணைக்கு நிற்கவில்லை. மறியலுக்குப் பின் அகில இந்தியச் சுற்றுலா அனுமதி பெற்ற வண்டிகளுக்கு அவகாசம் கிடைத்தது.

ஆகவே, சந்தையை மாற்றியது சாண்ட்ரோ எனலாம். பத்தாண்டின் எல்லையைத் தாண்டி ஒரு நகரத்தின் காற்றையும் அதன் சட்டத்தையும் மாற்றியது இண்டிகா. இரண்டில் எது பெரிது என்றால், இண்டிகாவே. கார் பிரியர்களுக்கு இத்தீர்ப்பு கசக்கும். ஏனெனில் அவர்களுடைய பட்டியலில் தாக்கம் என்பது எப்போதும் பாராட்டின் இன்னொரு பெயர். (உண்மையில் அந்தப் பத்தாண்டில் இந்தியக் குடும்பங்களின் போக்குவரத்தை மாற்றியது நான்கு சக்கரமே அல்ல, 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் என்று ஒருவர் வாதிட்டால் அவருக்குப் பதில் சொல்வது கடினம். நல்லவேளையாகப் போட்டி கார்களுக்கு மட்டும்.)

இண்டிகாவின் உற்பத்தி 2018இல் நின்றது. கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்ட பாரத் ஸ்டேஜ் ஆறு எரிபொருள் டெல்லிப் பங்க்குகளுக்கு வந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில். வயது முடிந்த வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்பக்கூடாது என்ற விதி 2025 ஜூலை 1 அன்று தலைநகரில் நடைமுறைக்கு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில், வயதை மட்டுமே காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை பிறந்ததும் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த அதே வழக்கில்தான்.