விற்ற நூலைத் திருப்பி எடுப்பவர்கள்

மருதமுனைத் தறிகாரர் ஒருவரிடம் சாரன் வாங்குகிறீர்கள். பணம் கொடுத்தாயிற்று, இரண்டு தரம் உடுத்துத் துவைத்தும் ஆயிற்று. ஓரிரவு அவர் உங்கள் வளவுக்குள் புகுந்து, கொடியில் காயும் சாரனை உருவிக்கொண்டு, விலையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார். தமக்கு நூல் விற்றவன் களவு நூலை விற்றுவிட்டானாம். நம்மூரில் இதனை வியாபாரமென எவரும் சொல்லார்.

2009 ஜூலையில் அமேசன் செய்தது இதுவே. ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றை, அமெரிக்காவில் உரிமை பெறாத பதிப்பாளர் ஒருவர் அதன் கடையில் ஏற்றியிருந்தார். தவறு தெரிந்ததும், வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அந்நூல்களை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நிறுவனம். அழிக்கப்பட்டது எந்த நாவல் என்ற வேடிக்கையை உலகமே எழுதித் தீர்த்துவிட்டது. என்னை உறுத்துவது வேறு. மிச்சிகன் மாநிலப் பாடசாலை மாணவர் ஒருவர் படிப்புக்காக அந்நூலில் குறிப்புகள் எழுதியிருந்தார். நூல் போனதும் எந்தப் பக்கத்துக்கு எந்தக் குறிப்பு என்பதே இல்லாது போயிற்று. விலையைத் திருப்பித் தரலாம்; அவர் வாசித்த நேரத்தை யார் தருவது? அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் அது மடமைச் செயலென ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வழக்கு 150,000 டொலருடன் முடிந்தது.

பாடம் படித்தார்களா? 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் அனைத்தும் கடையோடு போயின. விலை திரும்பி வந்தது. குறிப்பெழுதியோருக்கு மேலதிகமாக 25 டொலர்!

கேட்டால், நீங்கள் நூலை வாங்கவில்லை, வாசிக்கும் அனுமதியைத்தான் பெற்றீர்கள் என்கிறார்கள். அப்படியாயின் பொத்தானில் 'வாங்குக' என்று ஏன் எழுதினீர்கள்? இதனைத் தட்டிக்கேட்கும் கலிபோர்னியாச் சட்டம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் உண்மையைச் சொல்லி விற்கச் சொல்கிறதேயன்றி, விற்றதை எடுக்காதே என்று சொல்லவில்லை. அடுத்த மாதமே, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசன் நிறுத்தியது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை இதனோடு ஒப்பிட மாட்டேன். அது வேறு பாதகம். ஆனால் எரிந்த நூல்கள் சிலவற்றின் வேறு பிரதிகள் எங்கோ வீட்டு அலுமாரிகளில் தப்பியிருந்தன. எவர் அலுமாரியையும் தூரத்திலிருந்து திறக்கும் சாவி எரித்தவர்களிடம் இருக்கவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூலொன்றை இறக்கினால், அந்தக் கோப்பு நம் கணினியில் கிடக்கும். கிண்டிலிலும் பூட்டு இடுவதா வேண்டாமா என்பதை, நூலைத் தாமே பதிவேற்றும் எழுத்தாளர் தீர்மானிக்கலாம். நம் எழுத்தாளர்கள் பூட்டாமல் விற்கட்டும்.