வண்டிக்கு விசா வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாப்பட்டு டீக்கடை எதிலாவது கால் மணி நேரம் உட்காருங்கள். மரக்காணம் பக்கமிருந்து ஈ.சி.ஆரில் புல்லட்டுகள் கூட்டம் கூட்டமாக வரும். அதை வாய் பார்க்கும் பையன்களில் ஒருத்தனாவது சொல்வான்: ‘வேலையை விட்டுடணும் மச்சான். வண்டியை எடுத்தா நேரா பாரீஸ். அதான்டா சுதந்திரம்!’

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் காதில் இதை ஓதியவர்கள் மேல்தான். மோட்டார் சைக்கிள் விளம்பரம் எடுப்பவர்கள், மேடையில் மைக் பிடித்து ‘கனவைத் துரத்து’ என்று தொண்டை கிழியக் கத்துபவர்கள்... எல்லோருக்கும் ஒரே பாட்டு. வேலையை விடு, வண்டியை எடு, உலகம் உன்னுடையது!

நான் பி.காம். படித்தவன். யாராவது சுதந்திரம் என்று ஆரம்பித்தால், ‘செலவு என்ன, ஜாமீன் யார்?’ என்று கேட்கிற புத்தி. கேட்டுத்தான் பார்ப்போமே.

முதலில் ரோடு. மேற்கே அட்டாரி. இந்தியர்களுக்குப் பாகிஸ்தான் சுற்றுலா விசா கிடைப்பது எப்போதுமே அபூர்வம். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில், அந்தச் சோதனைச் சாவடியையே இழுத்து மூடினார்கள். கிழக்கே மணிப்பூரின் மோரே. பாஸ்போர்ட், விசாவோடு அந்த வழியாக மியான்மருக்குப் போகலாம் என்று 2018ல் திறந்துவிட்டார்கள். அப்புறம் கொரோனா, 2021ல் ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர். வடக்கே நேபாளம்... விசா வேண்டாம், ராஜாவாகப் போகலாம். அதைத் தாண்டினால் சீனா. சொந்த வண்டியில் நுழைய முன் அனுமதி, அவர்கள் ஊர் தற்காலிக லைசென்ஸ், கூடவே வர ஒரு வழிகாட்டி!

ஆக, ‘நேரா பாரீஸ்’ என்றால் வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டு, நீங்கள் விமானத்தில் போவது என்று அர்த்தம்.

அடுத்தது கார்னே. உங்களுக்குப் பாஸ்போர்ட் மாதிரி வண்டிக்கு இது. ‘இந்த வண்டியை உங்கள் ஊரில் விற்றுவிட்டுப் போக மாட்டேன், போனால் சுங்க வரி கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கிற உத்தரவாதப் புத்தகம். ஈரான் மாதிரி நாடுகளில் இது இல்லாமல் வண்டி நகராது. இங்கே இதைத் தருவது மும்பையில் இருக்கும் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம். வண்டியின் மதிப்பையும் போகிற நாடுகளையும் பார்த்துப் பிணை கேட்பார்கள். செல்லுபடி ஒரு வருடம். ஒவ்வொரு எல்லையிலும் நுழைய ஒரு முத்திரை, வெளியேற ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரையை விட்டுவிட்டீர்களா? வண்டி உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும், அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகச் சொல்லி வரி கேட்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் சர்வதேச லைசென்ஸுக்கும் ஒரு வருடம்தான் ஆயுள். நம் ஊர் இன்ஷூரன்ஸ் ஐரோப்பாவில் வெறும் காகிதம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காசு இருந்தால் கட்டிவிடலாம். பெரிய வேடிக்கை விசாவில் இருக்கிறது.

ஷெங்கன் விசா என்பது 29 ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே அனுமதி. 180 நாளில் 90 நாள் இருக்கலாம். அதற்கு என்ன கேட்கிறார்கள்? சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், ‘இவருக்கு லீவு கொடுத்திருக்கிறோம், திரும்பி வந்து வேலையில் சேர்வார்’ என்று முதலாளி கொடுக்கும் கடிதம். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று அவர்கள் நம்ப வேண்டும். புரிகிறதா? ‘சுதந்திரமா சுத்தணும்னா வேலையை விடு’ என்கிறான் மேடைக்காரன். ‘வேலையில் இருக்கிறாய் என்று காட்டு’ என்கிறது கவுன்டர். மேடைப் பேச்சைக் கேட்டு ராஜினாமா கடிதத்தை நீட்டிய பையன், விசாவுக்கு வேண்டிய முக்கியமான தாளைத் தானே கிழித்துப் போட்டுவிட்டான்.

இதை மற்ற ஊர்க்காரர்களைவிடப் பாண்டிக்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டும். காலாப்பட்டிலிருந்து பாண்டி டவுனுக்குப் போகிறவர் வழியில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகிறார். 1954 நவம்பர் 1 வரைக்கும் அது பிரெஞ்சு எல்லை. இப்போது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. (பையில் பாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இருக்கும்!)

1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியான இணைப்பு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். இன்றைக்கு ஒரே தெருவில் இரண்டு பேரன்கள். ஒரே கடல், ஒரே மீன் குழம்பு, ஒரே 350 சி.சி. வண்டி. தாத்தா அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட பேரன் ஐரோப்பா முழுக்க, துருக்கி, பிரேசில், அர்ஜென்டினா என்று விசா இல்லாமல் சுற்றலாம். தாத்தா போடாத பேரன் முதலாளியிடம் லீவு லெட்டருக்குக் கெஞ்ச வேண்டும். இதில் தைரியம் எங்கே வந்தது, கனவு எங்கே வந்தது?

டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973ல் டிரையம்ப் வண்டியில் கிளம்பி நாலு வருடம் உலகைச் சுற்றினார். பின்னால் ஒரு லண்டன் பத்திரிகை, கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவரையே பிரேசிலில் பிடித்து உள்ளே வைத்தார்கள். சே குவேராவின் 1952 பயணத்தைச் சொல்வீர்கள். அந்த நார்ட்டன் வண்டி சிலி நாட்டிலேயே உயிரை விட்டது. மீதி தூரம் லாரியும் கப்பலும்தான். போஸ்டரில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

‘இந்தியர் யாருமே போகலையா சார்?’ போனார். விசாகப்பட்டினத்து பரத்வாஜ் தயாளா 2006ல் கரிஷ்மா வண்டியில் தனி ஆளாக உலகைச் சுற்றக் கிளம்பி, ஒன்றரை வருடம் கழித்து வந்து சேர்ந்தார். கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறவர் காட்டுவது பொறுமை. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்து விற்பது மோசடி.

ஒன்று கவனியுங்கள். ஒரகடத்தில் பூட்டிய என்ஃபீல்டு பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகிறது. வண்டிக்கு விசா வேண்டாம். அதைப் பூட்டிய தொழிலாளி அதே லண்டனில் அதே வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் விசா வேண்டும். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டோம். ஸ்காட்ச் விஸ்கிக்கு வரிக் குறைப்பு உண்டு. ஊர் பார்க்கப் போகிற இந்தியனுக்கு விசா வேண்டாம் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. நம் ஆட்கள் அதற்காக மேஜையைத் தட்டியதாகவும் செய்தி படித்த ஞாபகம் இல்லை.

போக ஆசைப்படும் தம்பிகளுக்கு: தாராளமாகத் திட்டம் போடுங்கள். ராஜினாமா மட்டும் கொடுக்காதீர்கள். சம்பளமில்லாத லீவு கேளுங்கள், கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அம்மா நகையைப் பிணைக்காக அடகு வைக்காதீர்கள். அப்புறம், புதுச்சேரிக்கு ஒரே ஒரு லோக்சபா எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது எல்லோரும் ‘ரோடு எப்போ போடுவீங்க?’ என்று கேட்கிறோம். ‘மோரே எப்போ திறக்கும், எங்களுக்கு விசா இல்லாம எத்தனை நாட்டுல பேசி வெச்சிருக்கீங்க?’ என்றும் கேளுங்கள். முழிப்பார். முழிக்கட்டும்.