வெறுந்தட்டு போகலாமா?



இவ்விதழ் தங்கள் கைக்கு வரும்போது கிறிஸ்துமஸ் கழிந்து, தாராவிச் சந்துகளில் தொங்கிய காகித விண்மீன்கள் இறக்கப்பட்டிருக்கும். ஊருக்குச் செல்வோர்க்கான முன்பதிவு விதிகளைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாக வாக்களித்திருந்தோம். அஃது அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இம்முறை ஒரு கேக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. புகைவண்டிக் குமாஸ்தாவுக்குக் கேக்கில் என்ன வேலை என நகைப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

நம் வீட்டுக்கு நேர் எதிரே ஓர் ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இங்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அவர்கள் கிறிஸ்துவர்கள், நாம் தீபாவளி கொண்டாடுகிறவர்கள். நமக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக, தீபாவளியன்று நம் அன்னையாரின் முறுக்கும் அதிரசமும் ஓர் எவர்சில்வர் தட்டில் எதிர்வீட்டுக்குச் செல்லும். அத்தட்டு உடனே திரும்பாது. கழுவித் துடைத்து ஆச்சியின் அலமாரியில் காத்திருந்து, கிறிஸ்துமஸ் அன்று கேக்கும் முந்திரிக்கொத்துமாய் நிறைந்து வரும். வந்த தட்டை வெறுமையாய்த் திருப்புவது நம் பக்கத்தில் வழக்கமன்று. ஒன்றும் இல்லாவிடில் ஒரு பிடி சர்க்கரையாவது இட்டு அனுப்புவர். (முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது, பாசிப்பயறும் வெல்லமுமே உண்டு என்பதைப் பத்து வயதில் கண்டறிந்தபோது நாம் அடைந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை.)

ஆச்சியின் வீட்டில் ஒருநாளும் கேக்கடுப்பு இருந்ததில்லை. மாவும் முட்டையும் சர்க்கரையும் ஓர் அகன்ற பாத்திரத்தில் கலந்து, தகரத் தட்டுகளில் ஊற்றி, இரவில் பக்கத்துப் பேக்கரிக்கு அனுப்புவார். ரொட்டி வெந்து முடிந்தபின் விறகடுப்பில் எஞ்சிய சூட்டில் அவை வேகும். தட்டு மாறிவிடாமலிருக்கப் பெயரெழுதிய சீட்டு உண்டு. தட்டுகளைத் தலையில் சுமந்து சென்ற சிறுவர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

2025 ஜனவரியில், மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு திங்களுக்குள் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாறவேண்டும் என உயர்நீதிமன்றம் பணித்தது. நகரின் காற்றுக்கு அது நன்மையே. ஆயினும் ஆச்சி நம்பியிருந்த பேக்கரி தன் விறகடுப்பை அணைத்தபோது, வெளியார் தட்டுகளை ஏற்பதையும் நிறுத்திவிட்டது. ஆச்சியின் கைகளும் இப்போது நடுங்குகின்றன. பிள்ளைகள் வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். சென்ற தீபாவளியன்று நம் தட்டை வாங்கிக்கொண்டவர், "இந்த வருசம் ஆச்சியால ஒண்ணும் முடியாது மக்கா" என்று நம் முகத்தைப் பாராமலே சொன்னார். தட்டைத் திருப்பித் தரவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் கூச்சம். அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

நம் துணைவியார் அன்றிரவு கேட்டார்: "முப்பது வருசமா அவங்க கேக்கத் தின்னீங்களே, ஒரு வருசம் நாம செஞ்சு குடுத்தா என்ன?"

கேள்வி எளிது. ஆனால் அவர் தையற்கூடத்தில் வேலை முடித்து வீடு திரும்ப இரவு ஏழு மணியாகும். வீடோ ஓர் அறை. அடுப்பு இரண்டு பர்னர். ஆகவே கடையில் விற்கும் பெட்டி மாவு ஒன்று வாங்குவது என முடிவாயிற்று.

நம் அன்னையார் இரண்டு தடை எழுப்பினார். வீட்டில் முட்டை உடைக்கக் கூடாது என்பது முதலாவது. பெட்டியின் மேலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டியதும் அது தீர்ந்தது. "பெட்டியில வர்றது சமையலா? அதைக் கொண்டுபோய் ஆச்சிக்குக் குடுக்கலாமா?" என்பது இரண்டாவது. இட்லி மாவையே பாக்கெட்டில் வாங்கும் காலம் இது என நாம் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த ஐயம் நம் துணைவியாருக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது.

இந்த ஐயம் புதிதன்று போலும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் நிறுவனத்தார், வெல்லப்பாகை மாவோடு சேர்த்து உலர்த்தி, நீர் விட்டால் போதும் என்னும்படியான கேக்குப் பொடிக்கு 1933-இல் காப்புரிமை பெற்றனர். முட்டையும் பொடியாக உள்ளேயே இருந்தது. 1935-இல் பெற்ற மற்றோர் உரிமையில் அம்முட்டையை எடுத்துவிட்டனர். இல்லத்தரசியர் தாமே புது முட்டை உடைத்துச் சேர்க்க விரும்புகின்றனர் என்பது அவர்கள் கண்ட காரணம். முட்டையில்லாப் பெட்டி வாங்கிய நமக்கு அந்த வேலையும் இல்லை. நம் கைக்கென எஞ்சியது மேலே தூவும் முந்திரி ஒன்றுதான்.

முந்திரி பொருத்தமான பண்டமே. 1883-இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரவுன் என்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கொணர்ந்த கேக்கைச் சுவைத்துப் பார்த்து, அதுபோலத் தம் பேக்கரியில் ஆக்கினார். இந்தியர் செய்த முதற் கிறிஸ்துமஸ் கேக்கு அதுவே என்பர். அயல்நாட்டுப் பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கை அவர் சேர்த்தார் என்றும் சொல்வர். அம்முந்திரியும் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். கேக்கு, முந்திரி, தாராவித் தமிழர் ஆகிய மூவரும் வேற்றூரிலிருந்து குடிபெயர்ந்தவர்களே.

மாட்டுங்கா மார்க்கெட்டில் முழு முந்திரி கேட்டோம். 320 என எண்ணிட்ட வகையைக் காட்டினார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்பது அவ்வெண்ணின் பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. கேக்குக்கு உடைத்துப் போடப்போகிறோம். உடைந்த முந்திரியே போதும், விலையும் குறைவு. தாய்மார்கள் இதை நினைவிற் கொள்க.

முதல் முயற்சி ஒரு ஞாயிறன்று நடந்தது. குக்கரில் உப்பைப் பரப்பி, மாவூற்றிய தட்டை வைத்து, மேலே முந்திரி தூவி, நேரமாகிறதே என்று தீயைப் பெருக்கினோம். அவசரம் நம்முடையது, துணைவியார் தடுத்தார். இருபதாம் நிமிடம் மூடியைத் திறந்தால், அடி கரியாகியிருந்தது, நடு கூழாக நின்றது. முந்திரியிற் பாதி மூழ்கிவிட்டது. மீதி இட்டபடியே வெளுத்துக் கிடந்தது. எவரும் பேசவில்லை. அன்னையார் எழுந்து சன்னலை மட்டும் திறந்தார்.

யோசித்தபோது காரணம் விளங்கிற்று. பேக்கரி அடுப்பில் மேலும் கீழும் சூடு உண்டு. குக்கரிலோ பெரும்பாலும் கீழிருந்தே. மேலே தூவிய பருப்பு அங்கே வறுபடாது, நீராவியில் நனையும். மேலே வரவேண்டியதைக் கீழே வைத்துக் கவிழ்த்தால் என்ன எனத் துணைவியார் கேட்டார். அடுத்த ஞாயிறன்று அவ்வாறே செய்தோம்.

ஏழு அங்குல அலுமினியத் தட்டின் அடியில் நெய் தடவிய காகிதம் இட்டு, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி நெய்யும் மூன்று மேசைக்கரண்டி தூளாக்கிய கருப்பட்டியும் பரப்பினோம். ஊரிலிருந்து வந்த உடன்குடிக் கருப்பட்டி அது. அதன்மேல் இரு கைப்பிடி உடைந்த முந்திரி. பெட்டியிற் சொன்ன அளவே நீரும் எண்ணெயும் மாவில் சேர்த்துக் கட்டியில்லாமற் கலக்கி, உடனே ஊற்றிவிட வேண்டும். ஈரம் பட்டதுமே சோடா மாவு பொங்கத் தொடங்கும். காத்திருந்தால் அந்தக் காற்று வீணாகும். மிகுதியாக அடித்தாலும் கேக்கு இறுகிப் போகும். தட்டில் பாதிக்கு மேல் ஊற்றலாகாது.

குக்கரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நீர் ஊற்றக் கூடாது. வெறுஞ்சூடு குக்கரைக் கெடுக்குமாதலால் பழைய குக்கரோ, மூடியுள்ள அடிகனத்த பாத்திரமோ கொள்க. விரல் கனத்துக்கு உப்பைப் பரப்பி, ஒரு வளையத்தாங்கி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றியபின் தட்டை இறக்கி, தீயை மிகச் சிறிதாக்க வேண்டும். அரைமணி நேரம் மூடியைத் தொடலாகாது; தொட்டால் நடு அமுங்கும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் குச்சியைக் குத்தி, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். முற்றும் ஆறினால் கருப்பட்டி இறுகித் தட்டைப் பற்றிக்கொள்ளும். உப்பை எடுத்து வைத்தால் மறுமுறைக்கு உதவும், குழம்புக்கு ஆகாது.

கவிழ்த்துக் காகிதத்தை உரித்தபோது, முந்திரி பொன்னிறமாய்க் கருப்பட்டிப் பாகில் பதிந்திருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் மூவரும் எதிர்வீட்டுக்குச் சென்றோம். ஆச்சி ஒரு விள்ளல் வாயிலிட்டுச் சற்று நேரம் மென்றார்.

"எந்தப் பேக்கரில வாங்குன, தாயி?"

துணைவியார் நம்மைப் பார்த்தார். வீட்டிற் செய்தது என்று மட்டும் சொன்னால் பொய்யாகாது. ஆயினும் அவர், "பெட்டி மாவு ஆச்சி. முந்திரியும் கருப்பட்டியுந்தான் எங்களுது" என்று சொல்லிவிட்டார். நம் அன்னையார் தலை குனிந்தார்.

"அதனால என்ன?" என்றார் ஆச்சி. "எங்கேக்க மட்டும் நானா சுட்டேன்? மாவு கலக்குனது நான், சுட்டது பேக்கரிக்காரன், சொமந்தது ஒம் புருசன். வழியில ஓரத்தப் பிச்சுத் தின்னதும் அவந்தான்." முப்பதாண்டாக வெளிவராதிருந்த குற்றம் அவ்வாறு வெளிவந்தது.

2024-இல் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கிய நாள் முதலாக, யார் எங்கே குடியமர்த்தப்படுவர் என்பதே நம் சந்தில் குழாயடிப் பேச்சு. எதிர்வீடு எத்தனை ஆண்டு எதிர்வீடாக இருக்குமோ. அதைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. ஆச்சி சுவரைப் பிடித்தபடி உள்ளே சென்று, நம் தீபாவளித் தட்டை எடுத்துவந்தார். அதில் ஒரு பிடி சர்க்கரை இருந்தது. கேக்குத் தட்டை அவர் வைத்துக்கொண்டார்.

வீட்டில் எஞ்சியிருந்த பாதிக் கேக்கை நம் அன்னையார் தொட்டாரா என வினவும் அன்பர்களுக்கு ஒரு செய்தி: முந்திரி தடித்திருந்த ஓரத்துண்டு மறுநாள் காலையிற் காணப்படவில்லை.